லூசிந்தா காலி செய்த வீடு

ஜப்தி வீட்டைப் பார்க்கப் போனால் லூசிந்தா பெட்டன்கோர்ட் தன் வண்டியை ஒருநாளும் அந்த வீட்டு வாசலில் நிறுத்த மாட்டாள். இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போவாள்.

"உள்ள இருக்கறவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா ஒரு பொம்பள நடந்து வர்றது தெரியணும் மார்லா. பேங்க் வர்றது தெரியக் கூடாது" என்பாள் என்னிடம்.

கோட்டு, பாவாடை, அதற்குக் கீழே மாட்டுக்கொட்டகை பூட்ஸ். ஒரு கையில் நாய் பிஸ்கட், இன்னொரு கையில் அவள் அம்மா சுட்ட இனிப்பு ரொட்டி. அப்பா ஹில்மாரில் பால் பண்ணை வைத்திருந்தவர். விடியுமுன் கறவைக்கு எழுந்த உடம்பு அவளுக்கு. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. கலிபோர்னியாவின் டர்லாக் ஊரில், வீடு விற்கும் எங்கள் தரகு அலுவலகத்தில் அவள் மேஜையும் என் மேஜையும் எதிரெதிரே இருந்தன. நான் விளம்பரங்கள் போடுவேன், படங்களை ஏற்றுவேன், போன் எடுப்பேன். அவள் விற்பாள்.

வாங்க ஆளில்லாமல் போன காலம் வந்தது. பாதாம் தோப்புகளை அழித்து வரிசை வரிசையாகக் கட்டிய புது வீடுகளை, சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கடன் கொடுத்து விற்றிருந்தார்கள். தவணை கட்ட முடியாமல் இரண்டே வருடத்தில் அந்த வீடுகள் ஒவ்வொன்றாக வங்கிகளிடம் திரும்பின. தெருவுக்கு நாலு வீட்டில் புல்வெளி காய்ந்து வைக்கோல் நிறமானது. எங்கள் ஊரில் அப்போது காய்ந்த புல்லைப் பார்த்தால் போதும், அந்த வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். லூசிந்தா போகவில்லை.

"வாங்கறவன் இல்ல, சரி. ஆனா விக்கறவன் இருக்கான் பாரு. பேங்க்தான் இப்ப ஊர்லயே பெரிய விக்கறவன்" என்றாள்.

வங்கியிடமிருந்து வீடுகளை விற்றுத் தரும் பொறுப்பை வாங்குவது லேசான காரியமில்லை. அவர்கள் ஆட்கள் டெக்சாஸிலோ எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஆளின் கையில் நூற்றுக்கணக்கான வீடுகள். நம் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. முதலில் அவர்களுக்கு மதிப்பு சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த வீடு இன்றைய நிலையில் என்ன விலைக்குப் போகும், பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகள் எவை, கூரை எப்படி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று படத்தோடு அனுப்ப வேண்டும். பெட்ரோலுக்குக்கூடக் கட்டாத கூலி. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். லூசிந்தா ஊர் ஊராக ஓடி எடுத்து, கேட்ட அன்றே அனுப்பினாள். உண்மையான விலையைத்தான் போட்டாள். வங்கிக்காரன் மனம் குளிரக் கூட்டிப் போடவில்லை.

பிறகு டல்லாஸில் நடந்த ஒரு பெரிய கூட்டத்துக்குத் தன் செலவில் போனாள். அங்கே வங்கி ஆட்களைச் சுற்றி ஏஜெண்டுகள் பேனாவும் சாக்லேட்டும் நீட்டிக்கொண்டு ஈ மொய்ப்பது போல மொய்த்தார்களாம். இவள் போனது கெண்டல் என்ற ஆளிடம். கலிபோர்னியா வீடுகளெல்லாம் அவன் பொறுப்பு. அவன் முன்னால் போய் நின்று ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது எங்க ஊர்ல உங்க பேங்க் எடுத்த வீடு. நீச்சல் குளத்துத் தண்ணி எப்படி இருக்கு பாருங்க. பச்சைப் பசேல்னு. கொசு தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க நகராட்சிக்குப் புகார் கொடுத்துட்டாங்க. அடுத்த வாரம் உங்களுக்கு அபராதம் வரும்."

"இது உங்க கையில இருக்கற வீடா?"

"இல்ல. வேற ஏஜெண்டோடது. அவர் அந்தப் பக்கமே போறதில்லன்னு நினைக்கறேன்."

அந்த வாரமே அந்த வீடு இவள் கைக்கு வந்தது. குளத்தை இறைத்தாள், மூடி போட்டாள், பூட்டை மாற்றினாள், தோட்டக்காரரை அனுப்பினாள். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தைத் தன் பையிலிருந்தே கட்டினாள். அதற்குப் பிறகு கெண்டல் வீடுகளை அனுப்பிக்கொண்டே இருந்தான். ஊரில் மற்ற ஏஜெண்டுகள் அவளைப் பருந்து என்றார்கள். அவள் காதிலும் விழுந்தது.

"பருந்துதான். நான் எடுக்கலன்னா அந்தப் பொணம் நாறும், அவ்ளோதான்" என்று சிரித்தாள்.

ஆனால் கதவைத் தட்டுகிற வேலையில் அவள் சிரித்ததில்லை. உள்ளே இன்னும் குடும்பம் இருந்தால், வழக்கு வம்பு இல்லாமல் வீட்டைப் பெருக்கிவிட்டுச் சாவி கொடுப்பதற்கு வங்கி ஒரு தொகை தரும். அதைப் பேசி முடிப்பது ஏஜெண்டின் வேலை. மற்ற ஏஜெண்டுகள் கதவிடுக்கில் தாளைச் செருகிவிட்டு ஓடிவிடுவார்கள். இவள் உள்ளே போய் உட்காருவாள். திட்டு வாங்குவாள். பள்ளிக்கூடம் முடியட்டும் என்று கெண்டலிடம் அவகாசம் கேட்டு வாங்குவாள். அவர்கள் போன பிறகு எலாதியோவின் ஆட்கள் வருவார்கள். விட்டுச் சென்றதையெல்லாம் அள்ளி, பூட்டை மாற்றி, கழுவித் துடைத்து, படம் எடுக்கத் தயாராக்குவார்கள். எலாதியோ முன்பு கொத்தனார். வீடு கட்டும் வேலை நின்றுபோனதும் வீடு காலி செய்யும் வேலைக்கு வந்தவர். லூசிந்தாவை "முதலாளியம்மா" என்று கிண்டலாகக் கூப்பிடுவார். அவள் பதிலுக்கு அவரை "முதலாளி" என்பாள். அங்கே கிடைக்கும் புகைப்பட ஆல்பங்கள், பதக்கங்கள், சாம்பல் கலசங்களை மட்டும் தூக்கிப் போடக் கூடாது என்பது அவள் சட்டம். அதெல்லாம் பெட்டியில் போட்டு அவள் வீட்டு கராஜுக்குப் போகும். "யாராவது ஒருத்தர் திரும்பி வருவாங்க" என்பாள். சிலர் வரவும் செய்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்ட். வெயில் தார் உருகக் கொளுத்திய மாதம். கெண்டல் ஒரே நேரத்தில் ஒரு கட்டு வீடுகளை அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கெடு. கெடு தாண்டினால் வங்கி ஏஜெண்டுக்குப் போடும் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் வீடுகள் வேறு ஏஜெண்டுக்குப் போகும். அதில் ஒன்று ஹெரன் வே தெருவில், 1618 எண். அந்தக் குடும்பத்தை லூசிந்தா நேரில் பார்த்துப் பேசியிருந்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு, மிச்சமுள்ள சாமான்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வழக்கமாகக் காலி செய்யும் நாளில் அவளே முதலில் போய்க் கதவைத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அன்று மொடெஸ்டோவில் ஒரு வீட்டில் குழாய் வெடித்துத் தண்ணீர் நடுக்கூடம் வரை வந்துவிட்டது. அங்கே ஓடினாள். எலாதியோவைத் தனியே அனுப்பினாள்.

அன்று பகல் அவர் அவளுக்குப் போன் செய்தபோது அவள் அலுவலகத்துக்கு வந்து ஈரக் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போனை மேஜையில் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"முதலாளியம்மா, அவங்க கொடுத்த சாவி சேரல."

"வேணும்னே வேற சாவி கொடுத்திருப்பாங்க. துளை போட்டுத் திற."

"திறந்துட்டேன். ஆனா இவங்க எதையுமே எடுத்துட்டுப் போகலயே. பெட்ல போர்வை மடிச்சு வெச்சிருக்கு. ஃப்ரிட்ஜ் ஓடிட்டிருக்கு."

"கோவத்துல அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாங்க. போன மாசம் செரெஸ்ல ஒரு வீடு பாத்தோமே, தட்டுல சோறுகூட அப்படியே இருந்துச்சே."

"படம் அனுப்பறேன், பாருங்க."

படம் வந்தது. பார்த்தாள். அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே கம்பெனி கட்டியது. அதே சமையல் மேடை, அதே பழுப்பு ஓடு, அதே வளைந்த மாடிப்படி.

"இதேதான். காலி பண்ணு. நல்ல சாமான் இருந்தா ரோட்டோரம் வெச்சிடு, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்" என்றாள்.

ஹெரன் வே தெருவுக்கு அடுத்தது ஹெரன் கோர்ட் என்ற முட்டுச்சந்து. அங்கேயும் ஒரு 1618 இருந்தது. லாரியில் வழிகாட்டும் கருவி அவர்களை அங்கே கொண்டு போய் விட்டிருந்தது. வாசலில் புல் காய்ந்து கிடந்தது.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். வயதான பெண் குரல், அசிரிய உச்சரிப்பு. ஈரான், ஈராக் பக்கமிருந்து வந்த அசிரியக் கிறிஸ்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. எனக்குப் பழகிய குரல்தான்.

"என் வீட்டுக் கதவுல உங்க போன் நம்பர் ஒட்டியிருக்கும்மா. என் சாவி உள்ள போக மாட்டேங்குது. கதவுல ஏதோ பெட்டி தொங்குது."

இப்படிப் போன்கள் வாரத்துக்கு இரண்டு வரும். நான் லூசிந்தாவிடம் நீட்டினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எப்போதும் பேசுகிற மாதிரியே மெதுவாகப் பேசினாள்.

"வருத்தமா இருக்கும்மா. வீட்ட பேங்க் எடுத்துக்கிச்சு. கடிதம் வந்திருக்குமே?"

"எந்த பேங்க்?"

அவள் பெயரைச் சொன்னாள்.

"அந்த பேங்க்கை எனக்குத் தெரியாதே பொண்ணே. எந்த பேங்க்கும் எனக்கு இல்ல. என் புருஷன் சாகறதுக்கு முன்னாடியே வீட்டுக் கடனை முடிச்சுட்டாரு. நான் சிகாகோ போயிருந்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்துச்சு. இப்பத்தான் வர்றேன். டாக்ஸிக்காரர் பெட்டிய இறக்கி வெச்சுட்டுப் போயிட்டாரு. வெயில்ல நிக்கறேன்."

லூசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள். பிறகு, "தெரு? வேயா, கோர்ட்டா?" என்றாள்.

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ரத்தம் வடிந்துபோவது என்று சொல்வார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உதடு வரை வெளுத்துவிட்டது. போனை வைத்தாள். எழுந்தாள். வண்டிச் சாவியை என் மேஜையில் வைத்தாள்.

"மார்லா, வண்டிய நீ ஓட்டு. என்னால முடியாது."

அன்றுதான் முதல் முறையாக அவள் வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள்.

ஷமிராம் ஒதீஷோ என்ற அந்த அம்மா இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, கராஜ் நிழலில் நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். கறுப்பு உடை, வியர்வையில் கழுத்தோடு ஒட்டிய முத்துமாலை. எங்களைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தார். யாரோ தவறுதலாகப் பூட்டை மாற்றிவிட்டார்கள், அதைச் சரிசெய்ய இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"அம்மா, உள்ள போறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் லூசிந்தா. "நாங்க ஒரு பெரிய தப்பு பண்ணிட்டோம்."

"பூட்டுதானே. மாத்திடலாம். முதல்ல தண்ணி குடிக்கணும், திற."

"பூட்டு மட்டும் இல்லம்மா."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. லூசிந்தா கதவில் தொங்கிய சாவிப் பெட்டியைத் திறந்து சாவியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் திறந்தேன்.

உள்ளே எலுமிச்சை வாசனை அடித்தது. எலாதியோவின் ஆட்கள் நன்றாக வேலை செய்திருந்தார்கள். கம்பளத்தில் தூசி உறிஞ்சும் கருவி போன கோடுகள் நேர்கோடாக இருந்தன. சுவரில் ஆணி அடித்த துளைகளை அடைத்து, மேலே பூசியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி மின்னியது. ஒரு நாற்காலி இல்லை. ஒரு திரைச்சீலை இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டம்ளர்கூட இல்லை.

அந்த அம்மா கூடத்தின் நடுவில் போய் நின்றார். வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்டவர் போல வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சமையலறைக்கு, அங்கிருந்து படுக்கையறைக்கு. நாங்கள் பின்னாலேயே போனோம். ஒவ்வோர் அறையிலும் விளக்கைப் போட்டார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டார். வெளிச்சம் வந்தால் சாமான்கள் வந்துவிடும் என்பது போல.

"யார் செத்தாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா."

"யாராவது செத்தாத்தான் வீட்ட இப்படித் துடைச்சு வெப்பாங்க."

திரும்பிச் சமையலறைக்கு வந்தார். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ரீசர்ல திராட்சை இலை வெச்சிருந்தேன். வசந்தத்துல பறிச்சது, இளசா. அரிசி வெச்சுச் சுருட்டி தோல்மா பண்ண. மகளுக்குக் கொண்டு போகலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன். அது எங்க?"

லூசிந்தா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இலைய என்ன பண்ணீங்க?" என்று அந்த அம்மா மறுபடி கேட்டார். கல்யாணப் படுக்கையை, கணவரின் கோட்டை, நகையை, எதையும் கேட்கவில்லை. அந்த இலையையே மூன்று முறை கேட்டார். பிறகு கூடத்துக்கு வந்து, கம்பளத்தின் நேர்கோடுகள் மேல், மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதுதான் லூசிந்தாவின் போன் அடித்தது. கெண்டல். கிளம்பும்போதே நான் அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன். பதற்றத்தில் அவளிடம் கேட்காமல் அனுப்பிவிட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்று பேசினாள். அவன் குரல் வெளியே கேட்கும் அளவுக்குக் கத்தினான்.

"லூசிந்தா, நீ அந்த வீட்டுக்குள்ள இருக்கியா? உடனே வெளிய வா. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசாத. மன்னிப்பு அது இதுன்னு எதுவும் சொல்லிடாத. வக்கீலுங்க பாத்துப்பாங்க."

"அவங்க தரையில உக்காந்திருக்காங்க கெண்டல்."

"அதனாலதான் சொல்றேன், வெளிய வா."

"தண்ணி குடிக்க டம்ளர் இல்ல. நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது" என்றாள். போனை அணைத்துப் பையில் போட்டாள். வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து மண்டியிட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். நடந்ததை அங்கேயே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ரெண்டு தெரு, ஒரே நம்பர், சேராத சாவி, எலாதியோ கேட்டது, தான் சொன்னது. "நான் வந்து பாத்திருக்கணும். வரல" என்றாள்.

ஷமிராம் அம்மா கேட்டுக்கொண்டார். பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

"ஈரான்ல, எங்க ஊர் ஊர்மியாவ விட்டு எங்கள போகச் சொன்னாங்க. எதை எடுக்கறது, எதை விடறதுன்னு நானும் என் புருஷன் யோயெலும் உக்காந்து யோசிச்சோம். அழுதுகிட்டே யோசிச்சோம். ஆனா யோசிச்சோம். இங்க எனக்கு யாரும் சொல்லக்கூட இல்லையே பொண்ணே."

பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய தேவாலயத் தோழியை வரவழைத்து ஒப்படைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். லூசிந்தா வீட்டுக் கராஜிலிருந்த பெட்டிகளில் அவள் சட்டப்படி எலாதியோ எடுத்து வைத்த ஆல்பம் மூன்றும், சுவரிலிருந்த படங்களும், ஒரு வெள்ளிச் சிலுவையும் இருந்தன. மீதியெல்லாம் திங்கட்கிழமையே ஊருக்கு வெளியே குப்பை மேட்டுக்குப் போயிருந்தது.

நாங்கள் குப்பை மேட்டுக்குப் போனபோது எலாதியோ எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தார். லூசிந்தா போனில் விஷயத்தைச் சொன்னதும் லாரியை நேரே அங்கே விட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் முடியவே முடியாது என்றார். மூன்று நாள் குப்பை மேலே ஏறியாயிற்று, புல்டோசர் ஓட்டியாயிற்று. லூசிந்தா அவரிடம் கெஞ்சவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் அம்மாவும் அதே ஏரியாவுலதான் இருக்காங்க" என்றார். எங்களுக்கு மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் கொடுத்தார். "ஒரு மணி நேரம். அந்த மூலை மட்டும்."

கடல் பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தன. நாற்றம் கண்ணைக் கரித்தது. லூசிந்தா கோட்டோடு முழங்கால் வரை இறங்கிக் கையால் கிளறினாள். எலாதியோ மண்வெட்டியால் வெட்டி வெட்டி எடுத்தார். ஒரு தரைவிரிப்பின் மூலை தெரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். பாதிதான் வந்தது. தேநீர் போடும் பித்தளை சமோவார் ஒன்று தட்டையாகிக் கிடைத்தது. பூ வேலை செய்த தலையணை உறைகள், எண்ணெயில் ஊறி. தையல் மெஷினின் சக்கரம் மட்டும்.

"நான் கேட்டேன்ல முதலாளியம்மா" என்றார் எலாதியோ திடீரென்று. அவருக்கு மூச்சு வாங்கியது. "போர்வை மடிச்சிருக்குன்னு சொன்னேன்ல. வீட்ட விட்டுப் போறவங்க போர்வைய மடிப்பாங்களா? எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அள்ளினேன்."

"நீ கேட்ட. நான்தான் அள்ளச் சொன்னேன். இத நீ யார் கேட்டாலும் சொல்லணும். வக்கீல் வேற மாதிரி சொல்லச் சொன்னாலும் இதத்தான் சொல்லணும்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

மறுநாள் லூசிந்தா ஹெரன் கோர்ட்டில் ஒவ்வொரு வீடாகத் தட்டினாள். நானும் கூடப் போனேன். ரோட்டோரம் வைத்த சாமான்களை யார் எடுத்தது என்று கேட்கத்தான் போனோம். நேர் எதிர்வீட்டில் டுவெயின் என்ற ஆள் கதவைத் திறந்தபோதே, அவருக்குப் பின்னால் பச்சை வெல்வெட் சோபா தெரிந்தது. ஆல்பத்தில் அதன் மேல் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்த படத்தை முதல் நாள்தான் பார்த்திருந்தேன்.

"அது கீழ கிடந்துச்சுங்க. எடுத்துக்கலாம்னு உங்க ஆளுதான் சொன்னாரு."

"அந்த அம்மாவ உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் லூசிந்தா.

"தெரியும். ஈஸ்டருக்கு ஏதோ பலகாரம் கொடுத்தாங்க."

"வீட்ட காலி பண்றப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். இங்கிருந்துதான் பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "புல்லு காஞ்சிருந்துச்சு. அவங்களும் போயிட்டாங்கன்னு நினைச்சேன். இந்தத் தெருவுல மூணு வீடு இப்படித்தானே போச்சு. யாரு போய் என்னன்னு கேக்கறது? வெக்கமா இருக்கும்ல அவங்களுக்கு."

பட்டப்பகலில், ஒரு முழு நாள், ஒரு வீட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறோம். தெருவே பார்த்திருக்கிறது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. லூசிந்தா செய்ததைவிட இதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. அந்தத் தெருவில் நான் குடியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

டுவெயினும் அவர் மச்சானும் அன்று மாலை சோபாவைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டார்கள். ஒரு பெண் துணிகளைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் முடிவதற்குள் கெண்டல் லூசிந்தாவிடமிருந்த எல்லா வீடுகளையும் எடுத்துவிட்டான். எங்கள் அலுவலகத்தைக் கடந்து மூன்றாவது கட்டடத்தில் இருந்த ஏஜெண்டுக்கு அவை போயின. பருந்து என்று முதலில் பெயர் வைத்த ஆள் அவர்தான்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. வங்கி, நாங்கள் ஏஜெண்டைத்தான் நம்பினோம் என்றது. லூசிந்தாவின் காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய வக்கீல் எலாதியோவின் மேல் பழியைத் தள்ளப் பார்த்தார். சாட்சி சொல்லும் அறையில் லூசிந்தாவின் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். "உங்கள் ஒப்பந்தக்காரர் முகவரியைச் சரிபார்க்கவில்லை, அப்படித்தானே?" என்று அவளுடைய வக்கீலே எடுத்துக் கொடுத்தார்.

"அவர் சந்தேகப்பட்டு எனக்குப் போன் பண்ணாரு. படமும் அனுப்பினாரு. நான் பாத்துட்டு, காலி பண்ணுன்னு சொன்னேன்."

மேஜைக்கு அடியில் வக்கீலின் ஷூ அவள் பூட்ஸை உதைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஷமிராம் அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. மகள் கையைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சமரசம் ஆனது. ஈடு கிடைத்தது. கிடைத்தது போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். தையல் மெஷினுக்கு விலை போட்டார்கள், தரைவிரிப்புக்கு விலை போட்டார்கள். யோயெல் தன் கையால் ஒட்டிச் செய்த, மூன்று கால் உள்ள சின்ன ஸ்டூல் ஒன்று இருந்ததாம். அதற்கு என்ன போடுவதென்று தெரியாமல் மதிப்பீட்டாளர் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசுத் துறையினர் லூசிந்தாவின் தரகு உரிமத்தைப் பறிக்கவில்லை. கண்டனம் எழுதினார்கள். எலாதியோ காலி செய்யும் வேலையை விட்டுவிட்டு பாதாம் ஆலைக்குப் போனார்.

லூசிந்தா வேலையை விடவில்லை. ஜப்தி வீடுகளை மட்டும் தொடவில்லை. பால் பண்ணை நிலங்களை விற்றுக் கொடுத்தாள். சிரிப்பும் திரும்பியது, ஆனால் கொஞ்சம் தாமதித்து வரும், வெளிநாட்டுப் போனில் குரல் வருகிற மாதிரி. வெயில் ஏறும்போதெல்லாம் ஷமிராம் அம்மாவின் வீட்டுக்குத் தோட்டக்காரரை அனுப்பிப் புல்லுக்குத் தண்ணீர் விடச் செய்தாள். இரண்டு முறை அந்த அம்மா தோட்டக்காரரைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை அனுப்பவில்லை, ஆனால் தோட்டக்காரருக்குத் தன் கையாலேயே கூலி கொடுத்துவிட்டார்.

நாலைந்து வருடம் கழித்து விலை ஏறிய பிறகு, நானும் விற்பனை உரிமம் வாங்கியிருந்த சமயம், ஒரு நாள் ஷமிராம் அம்மா எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். மகளோடு சிகாகோவில் இருக்கப் போவதாகவும் வீட்டை விற்க வேண்டும் என்றும் சொன்னார்.

"நீ அன்னிக்குக் கூட வந்தவதானே? நீயே வித்துக் கொடு. உன் பேச்சு எனக்குப் பழகிப்போச்சு. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. கோவம் இல்ல. அவள பாத்தா எனக்கு அந்த எலுமிச்ச வாசன வருது."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் மேஜையில் லூசிந்தா சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யார், என்ன என்று கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் சாண்ட்விச்சை மறுபடி காகிதத்தில் மடித்து வைத்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். "ஆளுங்கள வெச்சு மூட்ட கட்டாத மார்லா. அவங்களே கட்டட்டும். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல."

அப்படியே செய்தேன். அந்த அம்மா ஒவ்வொரு கரண்டியையும் தன் கையாலேயே சுற்றிப் பெட்டியில் வைத்தார். கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடித்தது. விற்பனை முடிந்த அன்று என்னைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவரே கதவைப் பூட்டினார். பூட்டிய பிறகு ஒரு முறை கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பிறகு சாவியைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.